இருபத்தொன்பதாவது கேள்வி

தங்கச்சி, இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறீகளா? கீழ வைக்கக்கூடாது, உள்ள மெஷின் இருக்கு. ரத்தம் பாக்குற மெஷின். உள்ளங்கை அகலம்தான், ஆனா அடிபடக்கூடாது. இல்லல்ல, நான் நர்ஸ் இல்ல. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாக. நான் களப்பணியாளர். பன்னெண்டு வயசுலருந்து பதினெட்டு வரைக்கும் உள்ள பொம்பளப் பிள்ளைகள ஆறு மாசத்துக்கு ஒருக்க வீடு தேடிப் போயி உயரம், எடை, ரத்தம் எல்லாம் பாத்து எழுதுற வேலை. ஆராய்ச்சி. அரசாங்கப் பணத்துல ஒரு காலேஜ்ல நடத்துறாக. மருந்து மாத்திரை நாங்க குடுக்கமாட்டோம். எழுதுவோம், அம்புட்டுதான்.

பாப்பா உங்க மகளா? எட்டாவதா, ஒம்பதாவதா? ஒம்பதாவதா. ஏறுனதுலருந்து துப்பட்டாவுல முடிஞ்சு வச்சு என்னமோ கொறிச்சுக்கிட்டே வருதே, என்ன அது? பச்சரிசியா. சரி. சும்மா கேட்டேன். சாப்பிடட்டும்.

காதுகுத்துக்கா போறீக? நல்லது. அண்ணன் வீடா. நான் செம்பனேந்தல்ல இறங்கணும். சாலைக்கோட்டை ஆஸ்பத்திரி ஸ்டாப்பு வரும்ல, அதுலருந்து மூணாவது ஸ்டாப்பு. இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். இந்த டிரைவர் உருட்டுற உருட்டுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும்.

செம்பனேந்தல்ல நானூத்திப்பதினேழு வீட்டுக்குப் போறேன். கதவு நம்பர் இல்ல, எங்க நம்பர். எங்க ஆராய்ச்சியில பிள்ளைகளுக்குப் பேரு கிடையாது, நம்பர்தான். பேரை வெளிய சொல்லக்கூடாது, அது ரகசியம். மொத்தம் அறுநூத்திப் பன்னெண்டு பிள்ளைக, அதுல நூத்திப்பத்து எனக்கு. நம்பரைச் சொன்னா எனக்கு முகம் வந்துரும். நானூத்திப்பதினேழு பேரு நாகஜோதி. சொல்லக்கூடாதுதான். இனிமே சொன்னா என்ன.

அந்தப் பிள்ளைய மொதமொதல்ல பாக்கும்போது பதிமூணு வயசு. அப்பா கிடையாது. அம்மா ராக்கம்மா, கரிமூட்டத்துக்குப் போறவுக. சீமைக்கருவேல வெட்டி, அடுக்கி, மண்ணைப் போட்டு மூடி, தீ வச்சுக் கரி எடுப்பாகள்ல, அந்த வேலை. வீட்டுல நாகஜோதி, அதுக்கடுத்து ஒரு சின்னப் பிள்ளை முத்துஜோதி. நான் போயி உக்காந்து சம்மதக் கடிதத்தை வாசிச்சேன். அது எங்க விதி. முழுசா, சத்தமா வாசிக்கணும், நடுவுல சுருக்கக்கூடாது. மூணு பக்கம். எனக்கு மனப்பாடம். 'ஆறு மாதத்திற்கு ஒருமுறை எங்கள் பணியாளர் உங்கள் இல்லத்திற்கு வருவார். இரத்த அளவு எட்டுக்குக் கீழ் இருந்தால் உங்கள் மகளை நாங்களே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம்.' ராக்கம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கட்டைவிரலை நீட்டுனாக, விரல் பூரா கரி. இதுக்கு மையே தேவையில்ல போங்கன்னு கேலி பண்ணுனேன். விழுந்து விழுந்து சிரிச்சாக.

மொத தடவையே அந்தப் பிள்ளைக்கு ஏழு புள்ளி ஆறு. பன்னெண்டு இருக்கணும். எட்டுக்குக் கீழ வந்தா ரோஸ் சீட்டு. ரோஸ் கலர்ல ஒரு சீட்டுப் புத்தகம் எங்ககிட்ட இருக்கும். அதுல நம்பரையும் அளவையும் எழுதிக் கிழிச்சு, ப்ராஜெக்ட் வண்டியை வரச்சொல்லி, நாங்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். கூட்டிட்டுப் போனேன். டாக்டர் பாத்தாரு, சத்து மாத்திரை குடுத்தாரு, வயித்துப் பூச்சிக்கு ஒண்ணு குடுத்தாரு. ஆறு மாசம் கழிச்சுப் போனா ஒம்பது புள்ளி ரெண்டு. அடுத்த தடவை பத்து புள்ளி ஒண்ணு. ராக்கம்மாவுக்கு அம்புட்டு சந்தோசம். எங்க போனாலும் மஞ்சக் கார்டைக் காட்டுவாக. அளவு எழுதுறதுக்குன்னு நாங்க வீட்டுக்கு ஒரு மஞ்சக் கார்டு குடுத்துருந்தோம். நான் போனா நர்ஸம்மா நர்ஸம்மான்னு கடுங்காப்பி போட்டுக் குடுப்பாக. நான் நர்ஸ் இல்லம்மான்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். காதுலயே வாங்கமாட்டாக.

நாலாவது தடவை எட்டு புள்ளி மூணு. இறங்குது. ஆனா எட்டுக்குக் கீழ இல்லையே. எழுதிக்கிட்டு வந்துட்டேன்.

ஏன் ஒண்ணும் சொல்லலைன்னு கேக்குறீக. சொல்லக்கூடாது தங்கச்சி. எங்களுக்கு அது ரொம்பக் கண்டிப்பான விதி. அறிவுரை கூடாது. கீரை சாப்பிடு, முருங்கைக்கீரை சாப்பிடு, எதுவும் சொல்லக்கூடாது. சொன்னா அந்தப் பிள்ளை மாறிரும், மாறிட்டா ஆராய்ச்சி கெட்டுப்போயிரும். ட்ரெயினிங்குல மூணு நாள் இதையேதான் சொன்னாக. கேக்கணும், எழுதணும், எந்திரிச்சு வந்துரணும். பச்சரிசி தின்னுறியான்னுகூட ஒரு கேள்வி இருக்கு. ரத்தம் குறைஞ்ச பிள்ளைகளுக்கு அந்த ஆசை வரும், பச்சரிசி, பல்பம், செங்கல் பொடின்னு. ஆமான்னு சொன்னா ஒண்ணு, இல்லன்னு சொன்னா ரெண்டு. நாகஜோதிக்கு எப்பவும் ஒண்ணுதான். பாவாடைப் பையில பச்சரிசி இல்லாம அந்தப் பிள்ளைய நான் பாத்ததே இல்ல. எனக்கும் ஒரு கை குடுக்கும். நானும் வாங்கி வாயில போட்டுக்குவேன், வேணாம்னு சொன்னா அதுவே அறிவுரை ஆயிரும்ல.

அந்த விதியை நான் ஒருநாளும் மீறுனதில்ல. எங்க சூப்பர்வைசர் தனுஷ்கோடி சார் மீட்டிங்குல என்னையத்தான் உதாரணம் சொல்லுவாரு. இருதயமேரியைப் பாருங்க, வாயைத் திறக்கமாட்டாகன்னு.

அஞ்சாவது சுத்துக்குக் கிளம்புற நேரம், ஆடி மாசம். எல்லாரையும் ஆபீசுக்கு வரச்சொன்னாக. டெல்லியிலருந்து தவணை வரலையாம். ஏதோ காகிதம் கேட்டாகளாம், இவுக அனுப்புனாகளாம், அங்க அதை வாங்குன அதிகாரி மாறிப் போயிட்டாராம், புதுசா வந்தவரு மறுபடி மொதல்லருந்து கேக்குறாராம். எனக்கு முழுசாப் புரியல. புரிஞ்சது இம்புட்டுதான், மறு உத்தரவு வர்ற வரைக்கும் யாரும் களத்துக்குப் போகக்கூடாது. மெஷினு, பதிலையெல்லாம் அமுக்கி ஏத்துற டேப்பு, உயரம் அளக்குற கம்பு, கழுத்துல போடுற அட்டை, ரோஸ் சீட்டுப் புத்தகம், எல்லாத்தையும் வச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கன்னாக. ப்ராஜெக்ட்டுக்குப் பெரியவுக ஒரு டாக்டரம்மா. ரெண்டு மாசத்துல சரியாயிரும்னாக. சொல்லும்போதே அவுகளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. சரின்னுட்டு வந்துட்டேன்.

பிள்ளைக வீட்டுல போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரட்டுமான்னு தனுஷ்கோடி சார்ட்டக் கேட்டேன். நிறுத்திட்டோம்னு போயி சொல்றதும் களப்பணிதானே மேரி, அதுக்கும் உத்தரவு இல்லையேன்னாரு. நியாயம்தான். அறுநூத்திப் பன்னெண்டு வீட்டுலயும் யாரும் போயி ஒண்ணும் சொல்லல.

கண்டக்டர் என்ன சொல்றாரு? சில்லறையா? என்கிட்ட இல்லைங்க. அடுத்த ஆள்ட்ட வாங்கிக்கங்க.

அப்புறம் டவுன்ல ஒரு ஜவுளிக்கடையில சேந்தேன். மாடியில சுடிதார் செக்சன். காலையில ஒம்பதரைக்கு நின்னா சாயங்காலம் வரைக்கும் நிக்கணும், உக்காரக்கூடாது. அங்கயும் விதிதான். நமக்கு விதி பழக்கமாப் போச்சு. தீபாவளிக்கு முந்துன வாரம் கடையில கால் வைக்க இடமில்ல. 'நர்ஸம்மா!'ன்னு ஒரு சத்தம். கடையே திரும்பிப் பாக்குது. ராக்கம்மா. தலைக்குக் குளிச்சு, நல்ல சேலை கட்டி. நகக்கண்ணுல மட்டும் கரி.

பின்னால அந்தப் பிள்ளை வருது. மாடிக்குப் பதினெட்டுப் படி. ஏறி வந்தது, அப்படியே தரையில உக்காந்துருச்சு. வாயைத் திறந்து மூச்சு வாங்குது. உதடு வெளுத்துப் போயி மூஞ்சியோட மூஞ்சியா இருக்கு. எனக்கு அப்பவே ஏழுன்னு தோணுச்சு. ஆறுன்னுகூடத் தோணுச்சு. ரெண்டு வருசமா ஒவ்வொரு பிள்ளையா மெஷின்ல பாத்துப் பாத்து, மூஞ்சியைப் பாத்தாலே அளவு வந்துரும் எனக்கு. ஆனா தோணுறதை எழுத முடியாதுல்ல.

துணிக்கட்டு மேல உக்கார வச்சுத் தண்ணி குடுத்தேன். ராக்கம்மா என்னைய ஓரமாக் கூப்பிட்டு, "மாசாமாசம் தீட்டு வந்தா பத்து நாளைக்கு நிக்கமாட்டேங்குது நர்ஸம்மா. நாலு எட்டு வச்சா நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்கிறா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா, இல்ல நீங்க வருவீகளா?"ன்னு கேட்டாக.

இதைத்தான் கேட்டாக. இந்த ஒரு கேள்விதான்.

நான் சொன்னேன், "தை பொறந்ததும் வந்துருவோம்மா. மொத ஊரு உங்க ஊருதான்."

பொய் சொல்லல தங்கச்சி. அந்த வாரம்தான் தனுஷ்கோடி சார் போன் பண்ணி, தை மாசம் பணம் வந்துரும், ரெடியா இருங்கன்னு சொல்லியிருந்தாரு. அவரு சொன்னதைத்தான் நான் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னா அது அறிவுரை. ப்ராஜெக்ட்டுதானே நின்னுருக்கு, விதி நிக்கலையே. நாளைக்கு மறுபடி தொடங்கும்போது என்னால நானூத்திப்பதினேழு கெட்டுப்போச்சுன்னு இருக்கக்கூடாதுல்ல. ரோஸ் சீட்டும் என்கிட்ட இல்ல. எப்பவும் ரோஸ் சீட்டோடதானே போயிருக்கு அந்தப் பிள்ளை.

சுடிதாரு நான்தான் எடுத்துக் குடுத்தேன். அது நீலத்தைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நீலம் வேணாம் பாப்பா, மெரூன் எடு, மெரூன் போட்டா மூஞ்சி செவப்பாத் தெரியும்னு சொன்னேன். சரிக்கான்னு எடுத்துக்கிச்சு. அது மட்டும் என்னைய நர்ஸம்மான்னு சொல்லாது, அக்கான்னுதான் சொல்லும். போகும்போது பையிலருந்து ஒரு கை பச்சரிசி எடுத்து நீட்டுச்சு. கடையில எதையும் தின்னக்கூடாது பாப்பான்னேன்.

தை பொறந்துச்சு. பணம் வரல. மாசி, பங்குனி, சித்திரை. போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருக்கலாமேன்னு நினைப்பீக. கடையில மாசத்துக்கு ரெண்டு நாள்தான் லீவு. துணி துவைக்க, ரேசன் கடைக்குப் போகன்னு அது போயிரும். அதோட, போயி என்ன செய்ய? கையில ஒண்ணும் இல்லாம எந்த மொகத்தோட போயி நிக்க?

அடுத்த புரட்டாசியிலதான் உத்தரவு வந்துச்சு. பதினாலு மாசம். புது மெஷின், புது டேப்பு, புது அட்டை. கடையில சொல்லிட்டு மறுநாளே வந்து சேந்துட்டேன். யாரு எந்த ஊருக்குப் போறீகன்னு கேட்டாக. செம்பனேந்தலை எனக்குக் குடுங்க, மொத ஊரா அங்கதான் வருவேன்னு சொல்லியிருக்கேன்னேன். சொன்ன சொல்லு ஒண்ணு இருக்குல்ல.

போனேன். கதவு திறந்துதான் கிடந்துச்சு. உள்ள எதுத்தாப்புல சுவத்துல போட்டோ. மெரூன் சுடிதாரு. மாலை போட்டிருக்கு, பிளாஸ்டிக் மாலை. போட்டோ சட்டத்துல எங்க மஞ்சக் கார்டைச் சொருகி வச்சிருக்காக. ஏழு புள்ளி ஆறு, ஒம்பது புள்ளி ரெண்டு, பத்து புள்ளி ஒண்ணு, எட்டு புள்ளி மூணு. எல்லாம் என் கையெழுத்து. அஞ்சாவது கட்டம் காலியா இருக்கு.

ராக்கம்மா கடுங்காப்பி போட்டாக. போட்டுக்கிட்டே சொன்னாக. மாசி மாசம், பள்ளிக்கூடத்துல காலையில பிரேயர்ல நிக்கும்போது விழுந்துருச்சாம். ஆம்புலன்சுல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காக. ரத்தம் மூணு புள்ளி நாலு. மூணு புள்ளி நாலுல பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நடந்து போயிருக்கு. ரத்தம் ஏத்தியிருக்காக. நெஞ்சு தாங்கல. மூணாம் நாளு போயிருச்சு. டாக்டரு ராக்கம்மாவைக் கேட்டாராம், இம்புட்டு நாள் பிள்ளைய யார்ட்டயும் காட்டாம என்னம்மா பண்ணுனன்னு. இவுக மஞ்சக் கார்டை எடுத்துக் காட்டியிருக்காக. "எங்க பிள்ளைய வீட்டுக்கே வந்து பாக்குறாக சார். தை பொறந்ததும் வர்றேன்னுருக்காக"ன்னு சொல்லியிருக்காக.

என்கிட்டயும் அதைத்தான் சொன்னாக. "நீங்க வருவீக, நீங்க வருவீகன்னுதான் நர்ஸம்மா நாங்க போகல." கோவமாச் சொல்லல. காப்பியை ஆத்திக்கிட்டே சொன்னாக. அம்புட்டு நம்பிக்கை எங்க மேல. இந்தப் பக்கம் எத்தனையோ ஆபீசு வருது போகுது, எங்களுக்கு இருக்குற பேரு எவுகளுக்கும் கிடையாது. அடுத்த மீட்டிங்குல நான் இதை எந்திரிச்சுச் சொன்னேன், ஜனங்க நம்மளை இப்படி நம்புறாகன்னு. பெரிய டாக்டரம்மா கேட்டுக்கிட்டே இருந்தவுக எந்திரிச்சு வெளிய போயிட்டாக. அவுகளுக்கு என்ன வேலையோ.

எனக்கு அழுகை வரல தங்கச்சி. இன்னைக்கு வரைக்கும் வரல. ஏன்னு தெரியல. காப்பியைக் குடிச்சேன். பையைத் திறந்து டேப்பை எடுத்தேன். சேந்த பிள்ளை இறந்துபோயிருந்தா அதுக்கு ஒரு தனி ஃபார்ம் இருக்கு. முப்பத்தெட்டுக் கேள்வி. தெரிஞ்ச அன்னைக்கே நிரப்பணும். ஒவ்வொண்ணா வாசிச்சேன். சத்தமா, சுருக்காம. இறந்த தேதி என்ன. இறந்த இடம் எது. கடைசி வாரத்தில் மூச்சுத்திணறல் இருந்ததா. கால் வீக்கம் இருந்ததா. படுத்தால் மூச்சு முட்டியதா. ராக்கம்மா முழங்காலைக் கட்டி உக்காந்துக்கிட்டு எல்லாத்துக்கும் பதில் சொன்னாக. இருந்துச்சு. இருந்துச்சு. ஆமா, உக்காந்துக்கிட்டேதான் தூங்குவா. ஒரு தடவைகூட நிறுத்துங்கன்னு சொல்லல. நானும் நிறுத்தல.

இருபத்தொன்பதாவது கேள்வி. 'இறப்பதற்கு முந்தைய ஆறு மாதங்களில் எந்த ஒரு சுகாதாரப் பணியாளரையாவது நேரில் சந்தித்தாரா?'

ராக்கம்மா சொன்னாக, "பாத்தோமே. உங்களத்தான். ஜவுளிக்கடையில."

நான் டேப்பையே பாத்துக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் தொடலைன்னா அதுவே அணைஞ்சிரும், அணைஞ்சிருச்சு. மறுபடி திறந்தேன். விதிப்படி பாத்தா அன்னைக்கு நான் சுகாதாரப் பணியாளர் இல்ல. ப்ராஜெக்ட் நின்னு மூணு மாசம் ஆச்சு. அட்டை கழுத்துல இல்ல. நான் சேல்ஸ் கேர்ளு. ஜவுளிக்கடை சேல்ஸ் கேர்ளைப் பாத்தது கணக்குல வராது. 'இல்லை'ன்னு அமுக்குனேன். சரியாத்தானே செஞ்சேன்? நீங்களே சொல்லுங்க.

"எழுதிட்டீகளா?"ன்னு கேட்டாக. எழுதிட்டேன்மான்னேன். அப்புறம் முப்பதாவது கேள்விக்குப் போயிட்டேன்.

விசாரணைக்குக் கமிட்டி வந்தாக. நாலு பேரு. எல்லாக் காகிதத்தையும் பாத்தாக. பணம் நின்ன தேதி, மெஷினை ஒப்படைச்ச தேதி, எல்லாம் சரியா இருந்துச்சு. ஜவுளிக்கடையைப் பத்தி அவுக கேக்கல, நானும் சொல்லல. ஃபார்ம்லதான் இல்லைன்னு இருக்கே. கடைசியில கடிதம் குடுத்தாக. 'களப்பணியாளர் தரப்பில் விதிமீறல் எதுவும் இல்லை.' லேமினேசன் போட்டு வச்சிருக்கேன். அந்தப் பையிலதான், சைடு ஜிப்புல இருக்கு. வேணாம், எடுக்க வேணாம். எங்க போனாலும் கூடவே வரும் அது.

திரும்பி வந்தப்ப அறுநூத்திப் பன்னெண்டுல நானூத்தி எழுவத்தோரு பிள்ளைகதான் கிடைச்சுச்சு. மத்ததெல்லாம் மில்லுக்குப் போயிருச்சு, கட்டிக் குடுத்துட்டாக, எங்க போச்சுன்னே தெரியாததும் உண்டு. இருநூத்தி ஆறாம் நம்பருக்குக் கையில பிள்ளை. அதுக்குப் பதினாறு வயசு. எங்க டாக்டரம்மா மீட்டிங்குல அதையெல்லாம் பெரிய திரையில கோடு போட்டுக் காட்டுனாக. பிள்ளைகளோட ரத்த அளவு. கோடு மேல ஏறி ஏறி வருது. ஆடி மாசத்துல நின்னுருது. அப்புறம் பதினாலு மாசத்துக்குப் புள்ளி புள்ளியா வச்சிருக்காக. அப்புறம் மறுபடி கோடு, ஆனா ரொம்பக் கீழருந்து. அந்தப் புள்ளியெல்லாம் என்ன மேடம்னு புதுசா வேலைக்குச் சேந்த ஒரு பிள்ளை கேட்டுச்சு. அங்க நமக்கு எதுவும் தெரியாது, அதுக்குத்தான் புள்ளின்னாக. எனக்குத் தெரியும். அங்கதான் நாகஜோதி துணிக்கட்டு மேல உக்காந்து தண்ணி குடிக்குது. நான் கையைத் தூக்கல.

இன்னைக்கு எதுக்குப் போறேன்னு சொல்லலையே. போன வாரம் ராக்கம்மா போன் பண்ணுனாக. "சின்னவளுக்குப் பன்னெண்டு முடிஞ்சிருச்சு நர்ஸம்மா. அவளையும் உங்க நோட்டுல சேத்துக்கங்க. நீங்க வந்து பாத்தா எனக்கு ஒரு தைரியம்." அப்படின்னாக. முத்துஜோதி. அறுநூத்தி முப்பத்திரெண்டுன்னு நம்பர் குடுத்துருக்காக. இன்னைக்குச் சம்மதக் கடிதம் வாசிக்கணும். அதே மூணு பக்கம். ஒரு எழுத்து மாத்தல. காலையில வீட்டுல ஒருக்க வாசிச்சுப் பாத்தேன். மனப்பாடமா வர்றதுதான். 'நாங்களே மருத்துவமனைக்கு'ங்கிற இடத்துல நின்னுபோச்சு. மறுபடி மொதல்லருந்து வந்தேன். மறுபடி அங்கயே நின்னுபோச்சு.

பஸ்ஸ்டாண்டுலருந்து தனுஷ்கோடி சாருக்குப் போன் போட்டேன். சார், இந்த வருசத் தவணை வந்துருச்சான்னு கேட்டேன். வந்துரும் மேரி, நீங்க போயிட்டு வாங்கன்னாரு.

வந்துரும்னுதான் சொன்னாரு. நான் அன்னைக்குச் சொன்னேன்ல, அதே மாதிரி.

எங்க வந்துருக்கோம்? அந்தத் தண்ணித்தொட்டி தெரியுதே. சாலைக்கோட்டை வந்துருச்சு.

தங்கச்சி, பாப்பா எப்பருந்து தூங்குது? காலையில எந்திரிச்சதுலருந்து இப்படித்தானா? படி ஏறுனா மூச்சு வாங்குதா? பாப்பா, பாப்பா. கண்ணு முழிடா. அக்காவைப் பாரு. ஒண்ணும் செய்யமாட்டேன், கண்ணுக்குக் கீழ லேசா இழுத்துப் பாக்குறேன். அம்புட்டுதான். சரி. கையைக் காட்டு. நகத்தைக் காட்டு. சரி. இனிமே தூங்காத.

இல்ல, மெஷின் வேணாம். மெஷின் இல்லாமலே எனக்குத் தெரியும்.

நீங்க இந்த ஸ்டாப்புல இறங்கணும். காதுகுத்து பத்தரைக்குத்தானே, ஒரு மணி நேரம் பிந்திப் போனா உங்க அண்ணன் கோவிச்சுக்கமாட்டாரு, கோவிச்சா கோவிச்சுக்கிட்டுப் போறாரு. ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள போனதும் இடது பக்கம் ஓபி சீட்டு குடுக்குற ஜன்னல் இருக்கும். யாரு போனாலும் குடுப்பாக. ரோஸ் சீட்டெல்லாம் வேணாம். வண்டி வேணாம், நான் வேணாம், யாரும் கூட வர வேணாம். காசு கிடையாது. எனக்குத் தெரியும் தங்கச்சி. அன்னைக்குக் கடையில நிக்கும்போதும் எனக்குத் தெரியும்.

யோவ் கண்டக்டரே, ரெண்டு பேரு இறங்கணும், நிப்பாட்டச் சொல்லுங்க.

பிள்ளைக்கு ரத்தம் பாக்கணும்னு மட்டும் சொல்லுங்க. இன்னைக்கே பாக்கணும்னு சொல்லுங்க. யாரு அனுப்புனான்னு கேட்டா, சுகாதாரப் பணியாளர் ஒருத்தரைப் பாத்தோம்னு சொல்லுங்க. பஸ்ஸுல நேர்ல பாத்தோம்னு சொல்லுங்க. பேரு கேட்டா இருதயமேரின்னு சொல்லுங்க.

பையை இங்க குடுங்க. எந்திரிங்க.